ஸ்காட்லாந்து தனியாகப் போகுமா, போகாதா: ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

2014 செப்டம்பரில், பிரிட்டனை விட்டுப் பிரியலாமா என்று ஸ்காட்லாந்து வாக்கெடுப்பு நடத்தியபோது, நான் கிளாஸ்கோவில் குடியிருந்தேன். அன்றிலிருந்து ஊருக்குப் போனாலும், சொந்தக்காரர்களிடம் போனில் பேசினாலும், புதிதாக இங்கே படிக்க வரும் பிள்ளைகளைப் பார்த்தாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. பத்து வருஷத்துக்கும் மேலாக அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். நான் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டேன் என்பது இதில் வராது. தேட வேண்டாம்.

ஸ்காட்லாந்து ஏற்கெனவே தனி நாடுதானே? கால்பந்துக்கெல்லாம் தனி டீம் அனுப்புறாங்களே?

கால்பந்தில் தனி நாடு, ஐ.நா. சபையில் இல்லை. பிரிட்டன் என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஐக்கிய இராச்சியத்துக்குள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்கு உண்டு. ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம், அதாவது மொத்தத்தில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர். 1707இல் இங்கிலாந்தோடு சேர்ந்தபோதே தங்கள் சட்டம், நீதிமன்றம், பள்ளிக்கூடம், திருச்சபை ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொண்டார்கள். ராணுவம், வெளியுறவு, நாணயம், குடிவரவு எல்லாம் லண்டன் கையில்.

மொத்த நாட்டையும் 'இங்கிலாந்து' என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. கிளாஸ்கோவில் டாக்சியில் ஏறி அப்படிச் சொல்லிப் பாருங்கள், இறங்கும் வரை பாடம் நடக்கும்.

போரில் தோற்றுத்தானே இங்கிலாந்துக்கு அடங்கினாங்க?

இல்லை. போர்கள் நடந்தது உண்மை, ஆனால் இணைப்பு வந்தது கையெழுத்தில். 1603இல் இங்கிலாந்து ராணி எலிசபெத் வாரிசில்லாமல் இறந்ததும் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இரண்டு நாட்டுக்கும் மன்னரானார். அரசர் ஒருவர், நாடுகள் இரண்டு, பாராளுமன்றங்களும் இரண்டு. இப்படியே நூறு வருஷம் ஓடியது.

அப்புறம் ஒரு வியாபாரம் குப்புறக் கவிழ்ந்தது. 1698இல் இன்றைய பனாமாவில் இருக்கும் டேரியன் பகுதியில் குடியேற்றம் அமைக்க லீத் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்கள் கிளம்பின. பிரபுக்கள் முதல் சிறு வணிகர்கள் வரை கையிலிருந்த காசை அதில் போட்டிருந்தார்கள். காய்ச்சலும் பட்டினியும் ஸ்பானியர்களும் சேர்ந்து இரண்டே வருஷத்தில் அதை முடித்து வைத்தார்கள். நாட்டின் மூலதனத்தில் ஒரு பெரிய பங்கு காணாமல் போனது. 1707 ஒப்பந்தத்தில் இங்கிலாந்து ஸ்காட்லாந்துக்குக் கொடுத்த சுமார் 4 லட்சம் பவுண்டில் ஒரு பங்கு, டேரியனில் பணத்தை விட்டவர்களுக்குப் போனது. அதனால்தான் 'விலைக்கு விற்றுவிட்டார்கள்' என்ற வார்த்தை 300 வருஷம் கழித்தும் மேடைகளில் கேட்கிறது. அந்தப் பணத்துக்கான கடன் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் அமைத்த நிறுவனத்திலிருந்துதான் 1727இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து பிறந்தது. இந்த வங்கியை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

சொந்தமா பார்லிமெண்ட் இருக்கே, இன்னும் என்னதான் வேணும்?

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் 129 உறுப்பினர்கள் கொண்ட பாராளுமன்றம் 1999இல் வந்தது. மருத்துவம், கல்வி, போலீஸ் அதன் பொறுப்பு. பிரிய வேண்டும் என்பவர்களின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. லண்டன் பாராளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவையின் 650 இடங்களில் ஸ்காட்லாந்துக்கு இப்போது 57. இங்கிலாந்து எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் அரசாங்கம். 1997 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஸ்காட்லாந்தில் ஒரு எம்.பி. கூட இல்லை. 2001, 2005, 2010, 2015 நான்கு தேர்தலிலும் ஒரே ஒருவர். ஆனாலும் 2010இல் அந்தக் கட்சிதான் கூட்டணி அமைத்து ஆட்சிக்கு வந்தது. 'நாங்கள் தேர்ந்தெடுக்காத அரசு எங்களை ஆள்கிறது' என்ற வாதம் இதிலிருந்து வருகிறது. பிரதமர் தாட்சர் காலத்துத் தலைவரி (ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவது) இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முன்னாலேயே, 1989இல், ஸ்காட்லாந்தில் விதிக்கப்பட்டதை வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை.

மறுபக்கத்தின் பதிலும் லேசானதல்ல. லிவர்பூல்காரரும் நியூகாசில்காரரும்கூட தாங்கள் விரும்பாத அரசின் கீழ்தான் வருஷக்கணக்கில் இருந்தார்கள். தேர்தலில் தோற்பதெல்லாம் பிரிவதற்குக் காரணமா என்று கேட்பார்கள். இதற்கு என்ன சொல்வீர்கள் என்பது ஸ்காட்லாந்தை ஒரு நாடாகப் பார்க்கிறீர்களா, ஒரு மாநிலமாகப் பார்க்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. என் கணிப்பில் முக்கால்வாசி விவாதம் இந்த ஒரே இடத்தில் நின்றுகொண்டுதான் நடக்கிறது. மேலே பேசுவது மட்டும் எண்ணெய், வரி, கரன்சி.

2014ல என்னதான் நடந்தது, சுருக்கமா சொல்லுங்க.

2011 எடின்பரோ தேர்தலில் பிரிவினை கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 129க்கு 69 இடம் பிடித்தது. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கக் கூடாது என்று யோசித்து அமைத்த தேர்தல் முறையிலேயே பெரும்பான்மை. 15 அக்டோபர் 2012 அன்று அங்குள்ள முதல் அமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனும் எடின்பரோவில் ஒப்பந்தம் போட்டு, வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரத்தைத் தற்காலிகமாக எடின்பரோவுக்குக் கொடுத்தார்கள்.

18 செப்டம்பர் 2014. கேள்வி ஒரே வரி: ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா? முதலில் எழுதிய வாசகம் 'என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா' என்று முடிந்தது. அது 'ஆம்' பக்கம் தள்ளிவிடும் என்று தேர்தல் ஆணையம் சொன்னதால் மாற்றினார்கள். நான் போனது ஒரு ஆரம்பப் பள்ளி. குட்டி நாற்காலிகளை ஓரமாக அடுக்கி, பலகைத் தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில் ஒன்று. சீட்டில் இரண்டே கட்டம். பெருக்கல் குறி போட ஒரு நொடி ஆகும், பென்சிலைப் பிடித்தபடி நின்றதுதான் அதிக நேரம்.

வாக்களித்தவர்கள் 84.6%. 'இல்லை' 20,01,926, 'ஆம்' 16,17,989. விழுக்காட்டில் 55.3க்கு 44.7. மொத்தம் 32 உள்ளாட்சிப் பகுதிகளில் கிளாஸ்கோ, டண்டீ, வடக்கு லனார்க்ஷயர், மேற்கு டன்பார்ட்டன்ஷயர் ஆகிய நான்கில் மட்டும் 'ஆம்' ஜெயித்தது.

இந்தியா பாஸ்போர்ட் வச்சிருந்தவங்க ஓட்டு போட்டாங்களாமே, ஸ்காட்லாந்துல பிறந்தவங்களால முடியலையாமே?

இரண்டும் உண்மை. எங்கே பிறந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, எங்கே குடியிருக்கிறாய் என்பதுதான் அளவுகோல். சட்டப்படி அங்கே வசித்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு உரிமை இருந்தது. இந்தியர், இலங்கையர், மலேசியர் எல்லாம் அதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்களுக்கும் உண்டு. வயது வரம்பு 16. பள்ளிச் சீருடையோடு வந்து வரிசையில் நின்ற பிள்ளைகளை என் கண்ணால் பார்த்தேன்.

லண்டனில் வேலை பார்க்கும் எடின்பரோக்காரருக்கு ஓட்டு இல்லை. பிரிவினைக்கு ஊரறிய ஆதரவு தந்த நடிகர் ஷான் கானரி பஹாமாஸில் வசித்ததால் அவருக்கும் இல்லை. 'ரத்தத்தை வைத்து நாடு கேட்கவில்லை' என்று பிரிவினைத் தரப்பு பெருமையாகச் சொல்லும். நியாயமான பெருமைதான். ஆனால் ஊரை விட்டுப் போன பிள்ளைகளுக்கு வீட்டு விஷயத்தில் வாயே இல்லையா என்று கேட்டவர்களின் வருத்தத்தையும் ஒதுக்க முடியாது.

பிரிஞ்சா எந்தக் காசை வச்சுக் காய்கறி வாங்குவாங்க?

2014இல் சால்மண்டைத் தூங்கவிடாத கேள்வி இது. அவர் திட்டம்: பவுண்டை இரண்டு நாடும் பங்குபோட்டுக்கொள்வோம், மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும். 2014 பிப்ரவரியில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே வந்து 'முடியாது' என்றார். லேபர், லிபரல் டெமாக்ராட் கட்சிகளும் அதையே சொன்னார்கள். 'அப்படியென்றால் கடனிலும் பங்கு எடுக்கமாட்டோம்' என்றது எடின்பரோ. பாகப்பிரிவினையில் வீடு உனக்கென்றால் கடனும் உனக்கே என்று அண்ணன் தம்பி சொல்லிக்கொள்வது போலத்தான்.

மீதி வழி மூன்று. கேட்காமலே பவுண்டை வைத்துக்கொள்வது முதலாவது. பனாமா அமெரிக்க டாலரை அப்படித்தான் புழங்குகிறது. (பனாமாவில் பணத்தைத் தொலைத்து பிரிட்டனுக்குள் வந்த நாட்டுக்கு, வெளியே போக பனாமாவையே உதாரணம் காட்டினார்கள். சரித்திரத்துக்கும் குசும்பு உண்டு.) இதில் சங்கடம், வட்டி விகிதம் வேறொருவர் கையில் இருக்கும், வங்கி விழுந்தால் நோட்டு அச்சடித்துத் தாங்க ஆளிருக்காது. இரண்டாவது, சொந்த நாணயம். ஆரம்பத்தில் மதிப்பு எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வீட்டுக் கடன் மட்டும் பவுண்டில் இருக்கும். மூன்றாவது யூரோ. அதற்கு முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும்.

முன்மாதிரியாக ஆளுக்கொன்று காட்டுவார்கள். அயர்லாந்து 1922இல் பிரிந்த பிறகும் 1979 வரை தன் காசை பவுண்டோடு சமமாகவே கட்டி வைத்திருந்தது, ஒன்றும் ஆகிவிடவில்லை. செக்கும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரியில் பிரிந்து ஒரே நாணயத்தைத் தொடர்ந்தார்கள், ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. அந்த ராயல் பேங்க் என்ன செய்தது? 'ஆம்' ஜெயித்தால் பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாற்றுவோம் என்று ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் முன்னால் அறிவித்தது. 'உனக்கு எந்தக் காசில் சம்பளம் தருவார்கள்' என்று என் அம்மா ஊரிலிருந்து போன் போட்டுக் கேட்டது அந்த வாரம்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. சால்மண்டுக்கும் தெரிந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

வட கடல்ல எண்ணெய் இருக்கே, அது போதாதா?

வாக்கெடுப்புக்கான திட்டப் புத்தகம் எழுதிய 2013இல் எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல். அந்தப் புத்தகத்தில் சுதந்திர நாள் என்று குறித்திருந்தது 24 மார்ச் 2016. அதற்கு இரண்டு மாதம் முன்னால் விலை 30 டாலருக்குக் கீழே இறங்கியது. 2022இல் மறுபடி 100ஐத் தாண்டியது. ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு குடும்ப பட்ஜெட் போட முடியாது. அதுவும் போக, வயல்கள் பழசாகிவிட்டன, உற்பத்தி 1999ஐ ஒட்டிய உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. இப்போது பிரிவினைத் தரப்பே எண்ணெயை விடக் காற்றாலை மின்சாரத்தைத்தான் அதிகம் பேசுகிறது.

லண்டன் பணத்துலதானே பிழைப்பு ஓடுது?

பார்னெட் சூத்திரம் என்று ஒன்று 1970களின் கடைசியிலிருந்து இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு துறையின் செலவு கூடினால், மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்துக்கும் கூடும். தற்காலிகம் என்று கொண்டு வந்தது, உருவாக்கிய ஜோயல் பார்னெட்டே பின்னாளில் ஒழித்துவிடுங்கள் என்று சொல்லியும் போகவில்லை. ஸ்காட்லாந்தில் தலைக்கு ஆகும் அரசுச் செலவு பிரிட்டன் சராசரியை விட அதிகம் என்பதும், எடின்பரோ அரசே வருஷா வருஷம் வெளியிடும் கணக்கில் பெரிய பற்றாக்குறை தெரிவதும் உண்மை.

இதைப் பார்த்து 'தனியாக வாழ வழியில்லை' என்பார்கள் ஒரு சாரார். 'இது லண்டன் நடத்திய குடும்பத்தின் கணக்கு, நாங்கள் நடத்தப்போகும் குடும்பத்தின் கணக்கு அல்ல' என்பார்கள் மற்றவர். இரண்டாவது வாதம் தர்க்கப்படி சரி. ஆனால் பிரிந்த மறுநாள் காலையில் ஓய்வூதியம் கொடுக்க வேண்டியது பழைய குடும்பத்தின் கையிருப்பிலிருந்துதான்.

சும்மா பயமுறுத்தியே 'இல்லை' பக்கம் ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்றாங்களே?

பயமும் இருந்தது. 'பயங்காட்டும் திட்டம்' என்ற பட்டப்பெயரே அவர்கள் முகாமுக்குள் வேடிக்கையாகப் பிறந்து வெளியே கசிந்ததுதான். ஆனால் கடைசி நேரத்தில் அவர்கள் ஆசையும் காட்டினார்கள். செப்டம்பர் 7 அன்று ஒரு கருத்துக்கணிப்பு 'ஆம்' 51 என்றது. லண்டனில் பதறிப்போனார்கள். 16ஆம் தேதி டெய்லி ரெக்கார்ட் பத்திரிகை முதல் பக்கத்தில் கேமரூன், லேபர் தலைவர் மிலிபாண்ட், லிபரல் டெமாக்ராட் தலைவர் கிளெக் மூவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, பழைய காலத்துத் தோல் சாசனம் மாதிரி அச்சிட்டு வந்தது: தங்கிவிடுங்கள், அதிகாரம் கூடத் தருகிறோம்.

அதில் பெரும்பகுதி 2016 சட்டமாக வந்தது. என் சம்பளச் சீட்டில் வரி எண்ணுக்கு முன்னால் 'எஸ்' என்று ஒரு எழுத்து முளைத்தது, ஸ்காட்லாந்து வரிதாரர் என்று அர்த்தம். இங்கிலாந்தில் சம்பள வருமானத்துக்கு மூன்று வரி அடுக்கு. இங்கே இப்போது ஆறு, உச்சியில் 48%. ஆக, 'இல்லை' என்று ஓட்டுப் போட்டவர்களும் பழைய வீட்டில் அப்படியே தங்கவில்லை. இது அடுத்த கேள்வியில் இன்னும் பலமாக வரும்.

ஐரோப்பிய யூனியன்ல நீடிக்கணும்னா பிரியாதீங்கன்னு சொன்னாங்களே, அது என்ன ஆச்சு?

'ஆம்' பக்கத்தினர் அடிக்கடி சொல்லிக் காட்டுவது இதைத்தான், சொல்லிக் காட்ட அவர்களுக்கு உரிமையும் உண்டு. 2014 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் பரோசோ, பிரிந்த ஸ்காட்லாந்து ஒன்றியத்தில் சேர்வது மிகமிகக் கடினம் என்றார். பிரிட்டனோடு இருப்பதுதான் ஐரோப்பாவில் இருக்க உத்தரவாதம் என்று 'இல்லை' பக்கம் பிரச்சாரம் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் வெளியேறலாமா என்ற 23 ஜூன் 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து 62% 'இருக்கலாம்' என்றது, 32 பகுதிகளிலும். பிரிட்டன் மொத்தமாக 51.9% 'போகலாம்' என்றது. 31 ஜனவரி 2020 அன்று எல்லோரும் வெளியே.

இதனால் பிரிவினைக்கான காரணம் பலமானது. வினோதம் என்னவென்றால், பிரிவது அதைவிடக் கஷ்டமானது. 2014இல் பிரிந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே ஐரோப்பியச் சந்தை. இப்போது ஸ்காட்லாந்து பிரிந்து ஐரோப்பாவில் சேர்ந்தால், கிரெட்னாவிலிருந்து பெரிக் வரைக்கும் இங்கிலாந்தோடு உள்ள 150 கிலோமீட்டர் சொச்சம் எல்லை சுங்க எல்லையாகிவிடும். வெளியே விற்கும் சரக்கில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போகிறது. ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது எவ்வளவு இழுபறி என்று பிரெக்சிட்டே காட்டிவிட்டது. 47 வருஷ உறவை அறுக்க மூன்றரை வருஷம் ஆயிற்று. இங்கிலாந்தோடு ஸ்காட்லாந்தின் உறவோ 300 வருஷத்துக்கும் மேல்.

அப்ப மறுபடியும் ஓட்டெடுப்பு வச்சுட வேண்டியதுதானே, யார் தடுக்கிறா?

சட்டம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இணைப்பு தொடர்பான விஷயங்கள் லண்டன் பாராளுமன்றத்துக்கே உரியவை என்று 1998 ஸ்காட்லாந்துச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. 2014க்கு ஒப்பந்தம் போட்டு அந்தக் கதவைத் திறந்தார்கள் (மேலே பார்த்தோம்), அப்புறம் லண்டன் திறக்கவில்லை. 19 அக்டோபர் 2023 என்று தேதி குறித்து, 'கருத்து கேட்பதற்கு மட்டும் நடத்தலாமா' என்று அப்போதைய முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜனின் அரசு உச்ச நீதிமன்றத்திடம் கேட்டது. 23 நவம்பர் 2022 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக முடியாது என்றார்கள்.

அடுத்த பொதுத்தேர்தலையே வாக்கெடுப்பாக ஆக்குவோம் என்றார் ஸ்டர்ஜன். அந்தத் தேர்தல் 2024 ஜூலையில் வந்தபோது அவர் பதவியில் இல்லை, அவர் கட்சி 48 இடத்திலிருந்து 9க்கு இறங்கியது. ஆனால் கட்சியின் செல்வாக்கும் பிரிவினைக்கான ஆதரவும் ஒன்றல்ல. கருத்துக்கணிப்புகளில் பிரிவினை ஏறக்குறைய பாதியை ஒட்டியே நிற்கிறது.

'தலைமுறைக்கு ஒருமுறை'ன்னு அவங்களே சொன்னாங்களே?

சொன்னார்கள், சால்மண்டும் சொன்னார், திட்டப் புத்தகத்திலும் இருந்தது. 2012 ஒப்பந்தத்தில் இல்லை. மேடைப் பேச்சு சட்டமாகாது. அதே சமயம் சொன்னதை மறந்துவிட்ட மாதிரி நடிப்பதும் அழகல்ல. வட அயர்லாந்துக்கு இந்தக் குழப்பமே கிடையாது. பிரிவதற்குப் பெரும்பான்மை ஆதரவு இருப்பதாகத் தெரிந்தால் அமைச்சர் வாக்கெடுப்பு வைக்க வேண்டும், இரண்டுக்கு நடுவில் ஏழு வருஷம் இடைவெளி என்று 1998இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்துக்கு அப்படி ஒரு வரி எழுதாமல் விட்டதுதான் இன்றைய முட்டுக்கட்டை.

நம்ம பக்கம் இப்படிப் பேசினா உள்ள தூக்கிப் போட்டுருவாங்களே, அங்க எப்படி அரசாங்கமே பேசுது?

தமிழர்கள் கேட்காமல் விடாத கேள்வி. இந்தியாவில் 1963இன் 16ஆவது சட்டத் திருத்தம் வந்தது, தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதும் அந்தச் சூழலில்தான். இலங்கையில் 1983இன் ஆறாவது திருத்தம் தனிநாட்டை ஆதரிப்பதையே குற்றமாக்கியது. ஸ்பெயின் அரசியலமைப்பு நாட்டைப் பிரிக்க முடியாதது என்கிறது, 2017 அக்டோபரில் கட்டலோனியா வாக்கெடுப்பில் போலீஸ் புகுந்தது.

பிரிட்டனுக்கு ஒரே ஏட்டில் எழுதிய அரசியலமைப்பு இல்லை. ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த நாடு என்ற நினைவும் இருக்கிறது. அதனால் பிரிவதைப் பேசுவது குற்றமில்லை. வாக்கெடுப்பை எப்போது, யார் அனுமதித்து வைப்பது என்பதில் மட்டும் கடிவாளம். பேசலாம், ஆனால் கேட்க முடியாது. இதுவும் ஒரு வகைப் பூட்டுதான், சத்தம் வராத பூட்டு.

51 விழுக்காடு இருந்தா போதுமா, ஒரு நாட்டையே உடைக்க?

2014 விதிப்படி ஒரு ஓட்டு அதிகம் இருந்தால் போதும். வேறு விதியும் வைத்துப் பார்த்தார்கள். 1979இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டசபை வேண்டுமா என்று கேட்டபோது 51.6% 'ஆம்'. ஆனால் பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 40% வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். கிடைத்தது 32.9%. செத்தும் பட்டியலிலிருந்து பெயர் நீங்காதவர்கள்கூடக் கணக்கில் 'வேண்டாம்' பக்கம் சேர்ந்தார்கள். அந்தக் கசப்பு ஆறப் பதினெட்டு வருஷம் ஆனது. 1997இல் மறுபடி கேட்டபோது 74.3% 'ஆம்'.

மான்டநீக்ரோ 2006இல் செர்பியாவை விட்டுப் பிரிய 55% என்று கோடு போட்டார்கள், 55.5% வந்தது. தப்பித்தது. 54 வந்திருந்தால்? பெரும்பான்மை கேட்டும் கிடைக்காத நாடு அமைதியாக இருந்திருக்குமா? மறுபக்கம், 1995இல் கியூபெக் 50.58க்கு 49.42 என்று கனடாவில் தங்கியது. அது தலைகீழாக வந்திருந்தால் பாதிப் பேர் விரும்பாத நாடு ஒன்று பிறந்திருக்கும். எனக்கு நிபந்தனைக் கோடு பிடிக்காது. ஆனால் 50ஐ ஒட்டி ஆடும்போது வாக்கெடுப்பு வைக்கவும் பிடிக்காது.

சரி, ஷெட்லாந்து தீவுக்காரங்க 'நாங்க உங்ககூட வரலை'ன்னா?

இதைக் கேட்டவர் ஒரு கல்லூரிப் பையன். கேட்டுவிட்டுச் சிரித்தான், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகள் ஸ்காட்லாந்து வாளெடுத்துப் பிடித்தவை அல்ல. 1468, 1469 ஆண்டுகளில் டென்மார்க் மன்னர் மகளுக்குச் சீதனம் கொடுக்கக் காசில்லாமல் அடகு வைத்தவை. மீட்கவே இல்லை. 2014இல் இரண்டும் பலமாக 'இல்லை' என்றன, ஆர்க்னியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். எண்ணெயில் ஒரு பகுதி அவர்கள் கடலைச் சுற்றித்தான்.

நாடு எது, மாநிலம் எது என்று மேலே மூன்றாவது கேள்வியில் சொன்னேனே, அதே இடத்துக்குத்தான் திரும்ப வருகிறோம். ஸ்காட்லாந்து லண்டனைப் பார்த்துச் சொல்வதைத் தீவு எடின்பரோவைப் பார்த்துச் சொன்னால்? அது எங்கள் நாட்டின் ஒரு பகுதி என்பார் பிரிவினைவாதி. லண்டன் சொல்வதும் அதேதான். 2023 ஜூலையில் ஆர்க்னி உள்ளாட்சி மன்றம் தன் எதிர்கால ஆட்சி முறைக்கு வேறு வழிகளை ஆராய ஓட்டெடுத்து முடிவு செய்தது. நார்வேயோடு நெருங்குவது பற்றியும் அப்போது பேச்சு அடிபட்டது. அடகுக் கடையின் ரசீது இன்னும் யாரிடமோ இருக்கிறது.